மெலிவும் எடைக் குறைவும்: புதுக்கோட்டை மாவட்டத்துக் கல்லூரி மாணவ மாணவியருக்கு ஒரு திறந்த மடல்

அன்பார்ந்த மாணவ மாணவியரே,

மன்னர் கல்லூரியிலும், அரசு மகளிர் கல்லூரியிலும், அறந்தாங்கிக் கல்லூரியிலும், இன்னும் இம்மாவட்டத்தின் பல ஊர்களிலும் பயிலும் உங்களில் ஒரு பகுதியினருக்கு அரசாங்கத்தின் மடிக்கணினி கைக்கு வந்திருக்கும். மற்றவர்களுக்கு வர இருக்கும். அரசு தரும்வரை காத்திராமல், தகப்பனார் கடன்பட்டோ, தாயார் மகளிர் குழுவில் போட்டுவைத்த சேமிப்பை எடுத்தோ வாங்கிக் கொடுத்த கணினியைச் சுமந்து வருகிறவர்களும் உங்களிடையே உண்டு. 2025-ஆம் ஆண்டு மார்ச் 14-ஆம் நாள் தமிழக நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 இலட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்படும் என்றும், அதற்கென 2,000 கோடி ரூபாய் ஒதுக்கப்படுகிறது என்றும் அறிவிக்கப்பட்டதிலிருந்து, பேருந்து நிலையத்திலும் நூலக வாசலிலும் உங்கள் பேச்சு காதில் விழும்போதெல்லாம், எந்த யந்திரம் மற்றதைவிட மெல்லியது என்பதே விவாதத்தின் பொருளாக இருப்பதை நான் கவனித்து வருகிறேன். மெல்லியதே மேலானது என்ற எண்ணம் உங்கள் மனத்தில் ஐயத்துக்கு இடமில்லாத சித்தாந்தமாக ஊன்றிவிட்டது. அந்தச் சித்தாந்தம் எங்கே பிறந்தது, அதில் உண்மை எவ்வளவு, வியாபாரம் எவ்வளவு, மணமேல்குடியிலிருந்தோ கறம்பக்குடியிலிருந்தோ பஸ் ஏறி வருகிற ஒரு மாணவிக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பவற்றை நிதானமாக உங்களோடு பேச விரும்புகிறேன்.

கணினியைக் கையில் எடுத்துக்கொண்டு போகலாம் என்ற எண்ணத்தைக் கடைத்தெருவுக்குக் கொண்டுவந்து முதன்முதலில் பெருவெற்றி கண்ட மனிதரின் பால்யம் கழிந்தது நம்முடைய தமிழ்நாட்டில் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திராது. ஆடம் ஆஸ்பர்ன் 1939-இல் பாங்காக்கில் பிறந்தவர். அங்கே ஆசிரியத் தொழில் பார்த்த அவருடைய தந்தை ஆர்தர் ஆஸ்பர்ன் என்ற ஆங்கிலேயர், திருவண்ணாமலையில் வாழ்ந்த ரமண மகரிஷியின்பால் ஈடுபாடு கொண்டு குடும்பத்தை இங்கே அழைத்து வந்தார்; பின்னர்த் தாம் மட்டும் வேலைக்குத் திரும்பிய சமயத்தில் யுத்தம் மூண்டு, ஜப்பானியரின் காவலில் அகப்பட்டுக்கொண்டார். ஆகவே தாயார் லூசியாவின் பாதுகாப்பில், அருணாசல மலையின் அடிவாரத்தில், ஆசிரமத்துக்கு வருவதும் போவதுமாக ஆடமும் உடன்பிறந்தோரும் வளர்ந்தார்கள். பின்னாளில் 'மவுண்டன் பாத்' என்ற ஆசிரமப் பத்திரிகையை 1964-இல் தொடங்கி நடத்தியவர் இதே ஆர்தர் ஆஸ்பர்ன்தான். மகன் இங்கிலாந்துக்குச் சென்று ரசாயனப் பொறியியல் கற்று, அமெரிக்காவில் டாக்டர் பட்டம் பெற்று, எண்ணெய் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்துவிட்டு, நுண்கணினிகளைப் பற்றிச் சாதாரண மனிதருக்கும் விளங்கும்படி நூல்கள் எழுதிப் புகழ் பெற்றார்.

அவர் 1981-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கண்காட்சியில் வைத்த 'ஆஸ்பர்ன் 1' என்ற யந்திரத்தை இன்று உங்கள் முன் வைத்தால் நீங்கள் திகைத்துப் போவீர்கள். அதன் எடை சுமார் 11 கிலோ. திரையின் அளவு வெறும் 5 அங்குலம். மின்கலம் கிடையாது, போன இடத்தில் சுவரில் மின்சாரம் இருந்தால்தான் அது உயிர் பெறும். லீ ஃபெல்சன்ஸ்டைன் என்ற பொறியாளர் வடிவமைத்த அந்தப் பெட்டி, மூடிப் பிடியைப் பற்றித் தூக்கினால் பழைய கைத்தையல் யந்திரத்தின் பெட்டியைப் போலிருக்கும். ஆயினும் விமான இருக்கையின் அடியில் அது அடங்கியது. விலை 1,795 டாலர். அந்த விலைக்குள்ளேயே எழுதுவதற்கும் கணக்குப் போடுவதற்கும் வேண்டிய மென்பொருள்களும் அடங்கியிருந்தன, அவற்றைத் தனியே வாங்கினால் ஏறக்குறைய யந்திரத்தின் விலையே ஆகும் என்ற நிலையில். ஒரு கட்டத்தில் மாதத்துக்குப் பத்தாயிரம் யந்திரங்கள் விற்ற அவருடைய ஸ்தாபனம், 1983 செப்டம்பரில் திவாலாயிற்று. அடுத்த மாதிரி வரப்போகிறது என்று முன்கூட்டியே அறிவித்ததால் இருப்பில் உள்ளதை யாரும் வாங்காமல் போனார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். வியாபாரக் கல்லூரிகளில் அந்த விளைவுக்கு இன்றும் அவர் பெயரையே வைத்து வழங்குகிறார்கள். நோய்வாய்ப்பட்ட பின் அவர் இந்தியாவுக்கே திரும்பி, சகோதரியின் பராமரிப்பில் கொடைக்கானலில் வாழ்ந்து, 2003 மார்ச் 18-ஆம் நாள் அங்கேயே காலமானார். உலகம் முழுவதும் மடியில் வைத்து வேலை செய்யும் ஒரு கருவியின் மூதாதையை உண்டாக்கியவர் நம்முடைய மலையில் வந்து கண்மூடினார் என்ற செய்தி, நம் கல்லூரிகளின் கணினி அறிவியல் வகுப்புகளில் இன்னும் உரக்க ஒலிக்க வேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை.

அவருடைய கதையை இவ்வளவு விரிவாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. பதினொரு கிலோ யந்திரத்தை ஜனங்கள் ஏன் வாங்கினார்கள்? அழகுக்காக அல்ல, மெலிவுக்காகவும் அல்ல; வேலையை ஓர் இடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு எடுத்துச் செல்ல முடிகிறது என்ற ஒரே பிரயோஜனத்துக்காக. எடுத்துச் செல்வது என்பதே மூலக் கொள்கை. எடைக் குறைவு அதற்குத் துணை. மெலிவு அந்தத் துணைக்குத் துணை. இந்த வரிசை பிற்காலத்தில் தலைகீழாக மாறியதுதான் நான் சொல்ல வந்த விஷயம்.

ஆஸ்பர்னுக்குப் பிறகு வளர்ச்சி விரைந்தது. 1982-இல் கிரிட் காம்பஸ் என்ற கணினி, மூடித் திறக்கும் சிப்பி வடிவத்தை நிலைநாட்டி, அமெரிக்க விண்வெளி ஓடத்திலும் ஏறிச் சென்றது. 1985-இல் தோஷிபாவின் டி1100 எடையைச் சுமார் 4 கிலோவாகக் குறைத்தது. 1997-இல் ஜப்பானில் சோனி நிறுவனம், மக்னீசியக் கலவையாலான உடம்போடு, ஏறத்தாழ 1.35 கிலோ எடையும் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த தடிப்பும் உடைய வயோ 505-ஐ வெளியிட்டபோது, எடையைப் பொறுத்தவரையில் பெரும்பகுதி வேலை முடிந்துவிட்டது என்றே சொல்லலாம். இந்த எண்ணை நினைவில் வைத்திருங்கள், மீண்டும் தேவைப்படும்.

தடிப்பைக் குறைக்கும் வேலை வேறு வகையானது. ஒரு மடிக்கணினி ஏன் தடிப்பாக இருந்தது என்று கேட்டால், அதற்குள் இருந்த ஒவ்வோர் உறுப்பும் தனக்கென ஓர் உயரத்தைக் கேட்டது என்பதே விடை. பழைய மின்கலப் பொட்டலத்துக்குள் வரிசையாக அடுக்கப்பட்ட உருளைகளுக்கு 18650 என்று பெயர். 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதே அந்த எண்ணின் அர்த்தம். பதினெட்டு மில்லிமீட்டர் உருளையைச் சுமக்கும் கணினி பதினெட்டு மில்லிமீட்டருக்குக் கீழே எப்படி இறங்கும்? சுழலும் ஹார்டு டிஸ்க்குக்கு ஓர் உயரம், டிவிடி டிரைவுக்கு ஓர் உயரம், மாற்றிப் பொருத்தத்தக்க ரேம் பலகை உட்காரும் சொருகுக்கு ஓர் உயரம், இணையக் கம்பி நுழையும் துளைக்கு ஓர் உயரம், திரைக்குப் பின்னால் ஒளி தரும் குழல் விளக்குக்கு ஓர் உயரம், சூட்டை வெளியே தள்ளும் விசிறிக்கு ஓர் உயரம். மெலிய வேண்டுமானால் இவற்றை ஒவ்வொன்றாக வெளியேற்றவேண்டும், அல்லது தட்டையாக்கவேண்டும்; வேறு மார்க்கம் இல்லை.

இந்த வெளியேற்றத்தை உலகறிய நடத்திக் காட்டியது 2008 ஜனவரி 15. அன்று சான் பிரான்சிஸ்கோ மேடையில் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ், அலுவலகங்களில் கடிதம் வைத்து அனுப்பும் சாதாரணப் பழுப்பு உறையிலிருந்து மேக்புக் ஏர் என்ற கணினியை உருவி எடுத்தார். அதன் தடிப்பு பின்புறத்தில் 19.4 மில்லிமீட்டர், முன் விளிம்பில் 4 மில்லிமீட்டர், எடை 1.36 கிலோ. டிவிடி டிரைவ் போயிற்று. இணையக் கம்பித் துளை போயிற்று. யுஎஸ்பி துளை ஒன்றே ஒன்று மிஞ்சியது. உருளை மின்கலங்களுக்குப் பதில் தட்டையான பை வடிவ லித்தியம் கலங்கள் உள்ளே படுக்க வைக்கப்பட்டன. பயன்படுத்துகிறவர் தாமே கழற்றி மாற்றும் வசதி அத்துடன் நின்றது. 2 ஜிபி ரேம், சொருகில் அமராமல், தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டது. அந்த முதல் மாதிரி மெதுவாகவே ஓடியது, விலையோ 1,799 டாலர். ஆனால் 2010 அக்டோபரில் வந்த திருத்திய வடிவம் சுழலும் தட்டை முற்றிலும் ஒழித்து, அசையாத நினைவகத்தை ஏற்று, விலையையும் 999 டாலரிலிருந்து தொடங்கியபோது, உலகத்துக் கம்பெனிகள் எல்லாம் அதன் பின்னே ஓடின. அடுத்த ஆண்டே இன்டெல் நிறுவனம் 'அல்ட்ராபுக்' என்ற பெயரைச் சூட்டி, தடிப்புக்கு ஓர் உச்சவரம்பையும் விதித்து, அந்த ஓட்டத்துக்காக 30 கோடி டாலர் நிதியையும் ஒதுக்கியது. இன்று உங்கள் கையில் உள்ள எந்தக் கம்பெனியின் கணினியானாலும் அதன் உருவத்தில் அந்தப் பழுப்பு உறையின் சாயல் இருக்கிறது.

அதே 2008-இல், சில வாரங்கள் கழித்து, லெனோவோ நிறுவனம் திங்க்பேட் எக்ஸ்300 என்ற கணினியை வெளியிட்டது. சில மில்லிமீட்டர் கூடுதல் தடிப்புக்கு இடம் கொடுத்து, ஒன்றரைக் கிலோ அளவில், டிவிடி டிரைவ், இணையக் கம்பித் துளை, மூன்று யுஎஸ்பி துளைகள், கழற்றி மாற்றும் மின்கலம் ஆகிய அனைத்தையும் அது வைத்திருந்தது. அந்தக் கணினியைப் பற்றிப் பேசுகிறவர்கள் இன்று குறைவு. உறைக்குள் நுழையாதது அது செய்த குற்றம்.

மெலிவின் ஓட்டம் எல்லை கடந்ததற்கு ஓர் உதாரணம் 2015-ஆம் ஆண்டின் 12 அங்குல மேக்புக். 13.1 மில்லிமீட்டர் தடிப்பில் அடக்குவதற்காக, விசையை அழுத்தினால் இறங்கும் ஆழத்தையே குறைத்து, பட்டாம்பூச்சி என்று பெயரிட்ட ஒரு புதிய விசைப்பலகையை அதில் வைத்தார்கள். சிறு தூசி புகுந்தாலும் எழுத்து இரண்டு முறை விழும், அல்லது விழவே விழாது. 2018-இல் இலவசப் பழுதுபார்ப்பை அறிவித்தார்கள்; 2019-இல் தொடங்கி 2020-க்குள் பழைய முறைக்கே திரும்பினார்கள்; 2022-இல் அமெரிக்க நீதிமன்றத்தில் 5 கோடி டாலர் கொடுத்து வழக்கைச் சமாதானம் செய்துகொண்டார்கள். செம்மண் புழுதி பறக்கும் நம்முடைய சாலைகளில் அந்த விசைப்பலகை என்ன பாடு பட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆனாலும் நியாயம் தவறாமல் பேசவேண்டும். 2020 நவம்பரில், ஆப்பிள் தன் சொந்தச் சில்லாகிய எம்1-ஐ வைத்து வெளியிட்ட மேக்புக் ஏர் மெய்யான சாதனை. விசிறியே இல்லை, ஆகையால் ஓசை இல்லை, தூசியை உள்ளே இழுக்கும் வாய் இல்லை, ஒரு முறை மின்னேற்றினால் கல்லூரி நாள் முழுவதும் தாங்கும். மின்சாரத்தை மிகக் குறைவாகச் செலவிடும் சில் கிடைத்தால் சூடு குறையும், சூடு குறைந்தால் விசிறி வேண்டாம், மின்கலமும் சிறிதாகலாம் என்ற இந்தச் சங்கிலிதான் மெலிவுக்கு நேர்மையான வழி. அந்தச் சாதனையை நான் மனமாரப் போற்றுகிறேன்.

இப்பொழுது கணக்கைப் பார்ப்போம். 2008-ஆம் ஆண்டு ஏர் 19.4 மில்லிமீட்டர் தடிப்பு, 1.36 கிலோ. 2022-ஆம் ஆண்டு ஏர் 11.3 மில்லிமீட்டர் தடிப்பு, 1.24 கிலோ. பதினான்கு ஆண்டுகளில் தடிப்பு ஏறத்தாழ நாற்பது சதவீதம் குறைந்தது. எடையோ 120 கிராம்தான் குறைந்தது, அதாவது ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தின் அளவு. இடையில் 2010-இல் வந்த 11 அங்குல ஏர் 17 மில்லிமீட்டர் தடிப்போடு 1.06 கிலோதான் இருந்தது. மெலிந்த தங்கையைவிடத் தடித்த அக்காள் எடை குறைவு. வயோ 505-இன் எடையை நினைவில் வைத்திருக்கச் சொன்னேன் அல்லவா? 1997-இல் 1.35, கால் நூற்றாண்டு கழித்து 1.24. திரை பெரிதாகி, வேகம் எத்தனையோ மடங்கு உயர்ந்திருக்கிறது என்பது மெய்தான். எனினும் உங்கள் தோள் அறிகிற பாரம் இந்தப் பந்தயத்தில் அவ்வளவாகக் குறையவில்லை. கண்ணுக்குத் தெரிகிற விளிம்பு மட்டுமே குறைந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டு வரும் மாணவிக்கு வேண்டியது எடைக் குறைவு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்கும் கடைக்காரருக்கு வேண்டியது மெலிவு. இரண்டையும் ஒன்றென்று நம்ப வைத்ததே இந்த வியாபாரத்தின் பெரிய வெற்றி.

அந்த வெற்றிக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று அறிய விரும்பினால், நம் நகரத்து ராஜ வீதிகளை ஒட்டிய ஏதாவது ஒரு கணினிப் பழுதுபார்க்கும் கடையில் ஒரு மாலைப் பொழுது உட்கார்ந்து பாருங்கள். நான் உட்கார்ந்திருக்கிறேன். விராலிமலைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு மாணவி, வாங்கி இரண்டு வருஷம்கூட நிரம்பாத மெல்லிய கணினி ஒன்றை மேஜைமேல் வைத்து, "அண்ணே, திடீர்னு ஆன் ஆகமாட்டேங்குது" என்றாள். கடைக்காரத் தம்பி பின்மூடியைப் படாத பாடு பட்டுத் திறந்து, அரைமணி நேரம் சோதித்துவிட்டு, "ரேம் போயிருச்சு தங்கச்சி. தனியா இருந்தா ஆயிரம் ரெண்டாயிரத்துல முடிச்சிரலாம். இது போர்டுல ஒட்டி வந்தது. போர்டோடதான் மாத்தணும்" என்றார். பலகையின் விலையைக் கேட்டதும் அந்தப் பெண் ஒன்றும் பேசாமல் கணினியைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அவள் எழுதிவைத்திருந்த செய்முறைக் குறிப்பேடுகளும் அதற்குள்ளேயே இருந்தன. சேமிப்புச் சில்லும் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருந்ததால் அவற்றைத் தனியே எடுத்துக் கொடுக்கவும் அவரால் முடியவில்லை.

அதே மேஜையின் மற்றொரு பக்கத்தில் பழைய அரசாங்க மடிக்கணினிகள் மூன்று நான்கு அடுக்கியிருந்தன. 2011 செப்டம்பர் 15-ஆம் நாள் திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அந்நாள் முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்து, தமிழக அரசின் எல்காட் நிறுவனத்தின் வழியே கொள்முதல் செய்யப்பட்டு, அடுத்த எட்டொன்பது ஆண்டுகளில் ஐம்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்களைச் சென்றடைந்த கணினிகளின் வம்சம் அது. தடித்த உடம்பு, மங்கலான திரை. அவற்றை ஏளனமாகப் பேசிய நண்பர்களை நான் அறிவேன். ஆனால் நாலு திருகாணிகளைக் கழற்றினால் ரேம் கைக்கு வரும்; ஹார்டு டிஸ்க்கை உருவிவிட்டு அசையாத நினைவகமாகிய எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தினால், அக்காள் படித்துவிட்டுப் பரணில் போட்ட யந்திரம் தம்பிக்குப் பயன்படுகிறது. "ஐயா, இதுக்கு சாவே கிடையாது" என்று கடைக்காரத் தம்பி சொன்னதில் கொஞ்சம் மிகை இருக்கலாம். தத்துவம் சரியானது. திறக்க முடிந்த யந்திரம் ஏழைக் குடும்பத்தில் ஒரு தலைமுறைக்குமேல் உழைக்கும்; ஒட்டிவைத்த யந்திரம் உத்தரவாதக் காலம் முடிந்த மறுநாளே அபாயத்தில் நிற்கும்.

இம்மாவட்டத்துக்கு இந்தப் பாடம் புதிதல்ல. 1991-இல் இங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் சைக்கிள் ஓட்டப் பயிற்றுவதையும் எழுத்தறிவு வேலையின் ஒரு பகுதியாகவே ஆக்கினார். கல் உடைக்கும் பெண்களும், வயல் வேலைக்குப் போகும் பெண்களும், ஆசிரியைகளும், அங்கன்வாடி ஊழியர்களும் ஆயிரம் ஆயிரமாகச் சைக்கிள் கற்றார்கள். உங்களில் பலருடைய தாய்மாரும் பாட்டிமாரும் அவர்களில் இருந்திருப்பார்கள். அப்போது நடந்த ஒரு செய்தியை நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. பெண்களுக்கென்று செய்த நளினமான சைக்கிள் கடைகளில் தீர்ந்து போயிற்று; ஆண்கள் சைக்கிளை வாங்கிய பெண்களில் பலர், அதுவே தமக்கு மேல் என்று கண்டார்கள். ஏனென்றால் இருக்கையிலிருந்து கைப்பிடி வரை செல்லும் அந்தக் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம். உற்பத்தியாளர் எதை அழகு என்று சொன்னாரோ அதை அவர்கள் பொருட்படுத்தவில்லை. தங்கள் வாழ்க்கைக்கு எது வேண்டுமோ அதை வைத்துக் கருவியை நிதானித்தார்கள். பஞ்சரானாலும், சங்கிலி அறுந்தாலும், எந்தக் கிராமத்துச் சாலையோரத்திலும் அதைச் சரிசெய்ய ஓர் ஆள் இருந்தார் என்பதும் அந்த இயக்கத்தின் வெற்றிக்கு ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம். அந்தத் தாய்மாரின் பிள்ளைகளாகிய நீங்கள் கணினி வாங்கும்போது அவர்கள் அளந்த கோலை எடுத்தே அளக்கவேண்டும்.

மெலிவும் பழுதுபார்ப்பும் பகையானவை, ஒன்று வேண்டுமானால் மற்றொன்றை விட்டுவிடத்தான் வேண்டும் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். 2021-இல் அமெரிக்காவில் ஃபிரேம்வொர்க் என்ற சிறு நிறுவனம், 1.3 கிலோ எடையில், 16 மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிப்பில், ரேம், சேமிப்பு, மின்கலம், விசைப்பலகை, திரை அனைத்தையும் ஒரே திருப்புளியால் கழற்றி மாற்றத்தக்க கணினியைச் செய்து காட்டியது. குறைந்த மின்சாரத்தில் ஓடும் ரேமைப் பற்றவைத்தே ஆகவேண்டும் என்ற வாதமும் 2024-இல் விழுந்தது. எல்பிகேம்2 என்ற தட்டையான, கழற்றத்தக்க ரேம் பலகை திங்க்பேட் வரிசையின் ஒரு கணினியிலேயே ஏறிவிட்டது. சட்டங்களும் அசைகின்றன. பிரான்ஸ் நாட்டில் 2021 முதல் மடிக்கணினி விற்பவர், அதைப் பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்பதற்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண்ணை விலையோடு சேர்த்துக் காட்டவேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல், கையடக்கக் கருவிகளின் மின்கலத்தைப் பயன்படுத்துகிறவரே கழற்றி மாற்ற முடியவேண்டும் என்பது பொது விதி. நம் மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறையும் 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்து, அவ்வாண்டு டிசம்பர் 24-ஆம் நாள் அதற்கெனத் தனி இணையத்தளத்தையும் தொடங்கியது; ஐரோப்பாவைப் போலக் கட்டாயமாக்கும் சட்டம் இன்னும் வரவில்லை.

நம்முடைய சீதோஷ்ணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. லித்தியம் மின்கலத்துக்குச் சூடு பகை. சித்திரை வெயிலில் தகரக் கூரையின்கீழ் நாள் முழுவதும் மின்னேற்றியில் சொருகியே கிடக்கும் கணினியின் மின்கலம், குளிர்ந்த அறையில் இருப்பதைவிட வெகு சீக்கிரம் தளர்ந்து, சில சமயம் உப்பியும் போகும். உப்பிய மின்கலம் விசைப்பலகையைக் கீழிருந்து தள்ளத் தொடங்கினால், தொடர்ந்து பயன்படுத்தாதீர்கள். குத்தவோ அழுத்தவோ வேண்டாம். அணைத்துவிட்டு உடனே கடைக்குக் கொண்டு போங்கள். மெத்தைமேல் வைத்து ஓட்டாதீர்கள். விசிறியுள்ளதானால் காற்றின் வழி அடைபடும், விசிறியற்றதானால் சூடு வெளியேற வேறு வழியே இராது. எப்போதும் நூறு சதவீதத்தில் வைக்காமல் எண்பதில் நிறுத்தும் வசதி பல கணினிகளில் உண்டு, அதை அமைத்துக்கொள்ளுங்கள். 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் கரையேறிய பிறகு, நம் மாவட்டத்தின் கிழக்குப் பகுதிக் கிராமங்கள் பல வாரக் கணக்கில் இருளில் கிடந்ததை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய காலத்தில் தளராத மின்கலம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆகவே என் விண்ணப்பம் இது. சொந்தக் காசில் வாங்குகிறவர்கள், எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்பதை நிறுத்திவிட்டு, எத்தனை கிலோ, ரேமுக்குச் சொருகு உண்டா, சேமிப்பைக் கழற்ற முடியுமா, மின்கலம் தனியே விற்கிறார்களா, திருச்சிக்குப் போகாமல் புதுக்கோட்டையிலேயே மாற்ற ஆள் உண்டா என்று கேளுங்கள்; கடைக்காரருக்கு விடை தெரியாவிட்டால், தெரிந்துகொண்டு வந்து சொல்லும்வரை பணத்தைக் கொடுக்காதீர்கள். அரசாங்கக் கணினி பெறுகிறவர்கள், அது இலவசம் என்பதால் கேள்வி கேட்கும் உரிமை தமக்கில்லை என்று கூச்சப்படாதீர்கள். அது உங்கள் பெற்றோர் சோப்புக்கும் கட்டிய வரியில் வந்தது. 2025-ஆம் ஆண்டுக் கொள்முதலுக்கு எல்காட் கேட்ட அளவு 8 ஜிபி ரேம், 256 ஜிபி சேமிப்பு. இன்றைக்கு அது போதும், நீங்கள் பட்டம் வாங்கி வேலை தேடும் நாளில் போதாமல் போகலாம். அப்போது ஒரு சொருகு இருந்தால் சொற்பச் செலவில் பெருக்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் கணினியையே கழிக்கவேண்டும். இனி வரும் கொள்முதல் ஒவ்வொன்றிலும், ரேமுக்கு ஒரு சொருகாவது இருக்கவேண்டும், மின்கலம் திருகாணியால் பொருத்தப்பட்டிருக்கவேண்டும், உதிரிப் பாகங்கள் ஐந்தாண்டுக்கு மாவட்டத் தலைநகரிலேயே கிடைக்கவேண்டும் என்ற மூன்று நிபந்தனைகளையும் ஒப்பந்தத்தில் எழுதும்படி உங்கள் கல்லூரி முதல்வர் மூலம் எல்காட் நிறுவனத்துக்கும் உயர்கல்வித் துறைக்கும் மனுச் செய்யுங்கள். இலட்சக் கணக்கில் வாங்குகிறவருடைய நிபந்தனையை மறுக்கும் துணிவு எந்தக் கம்பெனிக்கும் கிடையாது. ஸ்ரீபெரும்புதூரிலும் புதுச்சேரியிலும் கணினிகளைப் பூட்டி முடிக்கும் ஆலைகள் நம் வாசலிலேயே இருக்கின்றன.

கல்லூரிதோறும் கணினித் துறை மாணவர்கள் ஆண்டுக்கு ஒரு நாளாவது கூடி, ராஜ வீதிக் கடைகளின் தொழிலாளர்களை ஆசிரியர்களாக அழைத்து, ஒரு கணினியைத் திறப்பது, தூசி தட்டுவது, மின்கலம் மாற்றுவது, எஸ்.எஸ்.டி. பொருத்துவது ஆகியவற்றைக் கற்றுக்கொள்ளுங்கள். மற்றத் துறை மாணவர்களுக்கும் கற்றுக் கொடுங்கள். உங்கள் வீட்டுப் பரணில் அக்காளோ அண்ணனோ போட்டுவைத்த பழைய அரசாங்க மடிக்கணினி இருந்தால், அதிலிருந்தே தொடங்கலாம். அடுத்த கொள்முதல் அறிவிப்பு வெளியாவதற்குள் மனு போய்ச் சேரவேண்டும். ஆகையால் இந்தப் பருவத் தேர்வுக்கு முன்பே அதை எழுதிக் கையொப்பமிட்டு அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் மாவட்டத்து மூத்த வாசகன் ஒருவன்